நீச்சல் குளத்தில் ஒரு வெளிநடப்பு

புது தில்லி: தென் கொரியாவின் குவாங்ஜு நகரில் 2019-ம் ஆண்டு ஜூலை 21-ம் தேதி நடைபெற்ற உலக நீச்சல் சாம்பியன்ஷிப் ஆடவர் 400 மீட்டர் ஃப்ரீஸ்டைல் இறுதிப் போட்டி நான்கு நிமிடங்களுக்குள் முடிந்துவிட்டது. சீனாவின் சன் யாங் 3 நிமிடம் 42.44 விநாடிகளில் முதலாவதாகச் சுவரைத் தொட்டார். ஆஸ்திரேலியாவின் மேக் ஹார்ட்டன் 3 நிமிடம் 43.17 விநாடிகளில் இரண்டாமிடம் பெற்றார். அவரைவிட 0.06 விநாடி மட்டுமே பின்தங்கிய இத்தாலியின் கேப்ரியேல் டெட்டிக்கு மூன்றாமிடம். 2013, 2015, 2017-ம் ஆண்டுகளைத் தொடர்ந்து நான்காவது முறையாக இத்தூரத்தில் உலகப் பட்டத்தை வென்றார் சன் யாங். அதற்கு முன் எவரும் தொடர்ந்து நான்கு முறை வென்றதில்லை.

குளத்துக்குள் முடிந்த அந்தப் போட்டி, குளத்துக்கு வெளியே முடிவதற்கு மேலும் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் தேவைப்பட்டன. அந்த இரண்டு ஆண்டுகளில் விசாரிக்கப்பட்டது நீச்சல் அல்ல. ஊக்கமருந்துகூட அல்ல. ஒரு வீரரின் ரத்தத்தை எடுக்க வந்தவருக்கு அதற்கான அதிகாரம் இருந்ததா, அதை விசாரித்த நீதிபதி நடுநிலையானவர்தானா, சந்தேகப்படுகிற சக வீரருக்கு அதை வெளிப்படையாகக் காட்டும் உரிமை உண்டா என்பவையே விசாரணையிலும் விவாதத்திலும் இருந்தன. தில்லியில் ஊக்கமருந்துத் தடுப்புச் சட்டம் இயற்றிய நாடாளுமன்றமும், அதைத் திருத்திய நாடாளுமன்றமும் எதிர்கொண்ட கேள்விகள் இவற்றிலிருந்து வெகுதூரத்தில் இல்லை.

மேடை ஏறாத வீரர்: பரிசளிப்பு நிகழ்ச்சியில் வெள்ளிப் பதக்கத்தைக் கழுத்தில் வாங்கிக்கொண்ட ஹார்ட்டன், பதக்க மேடையின் மீது ஏற மறுத்து அதன் பின்னால் நின்றார். சன் யாங்குடன் சேர்ந்து புகைப்படம் எடுத்துக்கொள்ளவும் மறுத்துவிட்டார். முழக்கம் இல்லை, பதாகை இல்லை. பதக்கத்தைத் திருப்பித் தரவும் இல்லை. அவையில் இருந்துகொண்டே வாக்கெடுப்பில் கலந்துகொள்ளாத உறுப்பினர்களை நாடாளுமன்றச் செய்தியாளர்கள் நன்கறிவர். அதைப் போன்ற ஒரு வெளிநடப்பு அது.

தம்மை அவமதித்தால் பரவாயில்லை, ஆனால் சீனாவை மதித்தாக வேண்டும் என்ற பொருளில் சன் யாங் பதிலளித்தார். ஒரு தனி வீரர் மீதான சந்தேகம் இரு நாடுகளுக்கு இடையிலான பிரச்னையாக அந்த நிமிடமே மாறிவிட்டது. ஹார்ட்டனைக் கண்டித்துச் சீனச் சமூக வலைதளங்களில் வசைமாரி பொழிந்தது. மாறாக, வீரர்கள் தங்கியிருந்த கிராமத்தின் உணவுக்கூடத்துக்குள் ஹார்ட்டன் நுழைந்தபோது பல நாட்டு வீரர்கள் கைதட்டி வரவேற்றனர்.

சர்வதேச நீச்சல் சம்மேளனமான 'ஃபினா' மறுநாளே செயலில் இறங்கியது. கருத்துச் சுதந்திரத்தை மதிப்பதாகவும், ஆனால் அதற்கு உரிய இடம் வேண்டும் என்றும் கூறி, ஹார்ட்டனுக்கும் ஆஸ்திரேலிய நீச்சல் சங்கத்துக்கும் எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது. அடுத்த நாள், அதாவது ஜூலை 23-ம் தேதி, 200 மீட்டர் ஃப்ரீஸ்டைல் இறுதிப் போட்டி நடைபெற்றது. அதில் முதலில் சுவரைத் தொட்டவர் லிதுவேனியாவின் டனாஸ் ராப்ஷிஸ். புறப்படும் மேடையில் விதிமீறி அசைந்ததாகக் கூறி அவர் தகுதிநீக்கம் செய்யப்பட, தங்கம் சன் யாங்குக்குச் சென்றது. வெண்கலத்தைப் பகிர்ந்துகொண்ட இருவரில் ஒருவரான பிரிட்டனின் டங்கன் ஸ்காட், சன் யாங்குடன் கைகுலுக்க மறுத்தார். கோபமடைந்த சன் யாங், ஸ்காட்டைப் பார்த்துத் தோற்றவர் என்று கூவியதைத் தொலைக்காட்சி கேமராக்கள் பதிவு செய்தன. இருவருக்கும் ஃபினா எச்சரிக்கை விடுத்தது.

போட்டிகள் முடிவதற்குள்ளாகவே புதிய நடத்தை விதி ஒன்றும் வந்துவிட்டது. பதக்க மேடையில் ஒத்துழைக்க மறுப்பவர்கள் பதக்கத்தையே இழக்க நேரிடலாம் என்றது அவ்விதி. ஒரு வாரத்துக்குள் விதி இயற்றும் திறன் கொண்ட அதே அமைப்புதான், அந்தப் போராட்டத்துக்குக் காரணமான வழக்கின் தீர்ப்பை ஏழு மாதங்களாகப் பூட்டி வைத்திருந்தது என்பது கவனிக்கத்தக்கது.

மூன்று மாதத் தடை: ஹார்ட்டனின் கோபம் குவாங்ஜுவில் தொடங்கியது அல்ல. 2014-ம் ஆண்டு மே மாதம் சீனத் தேசியப் போட்டியின்போது எடுக்கப்பட்ட மாதிரியில், சன் யாங்கின் உடலில் ட்ரைமெடசிடின் என்ற மருந்து இருந்தது தெரியவந்தது. இதயத்துக்குச் செல்லும் ரத்த ஓட்டம் தொடர்பான நோய்க்குத் தரப்படும் மருந்து அது. அந்த ஆண்டு ஜனவரியில்தான் தடைப் பட்டியலில் சேர்க்கப்பட்டிருந்தது. இதயப் படபடப்புக்காக மருத்துவர் தந்ததாகவும், அது தடை செய்யப்பட்டது என்று தமக்குத் தெரியாது என்றும் சன் யாங் விளக்கமளித்தார். சீன நீச்சல் சங்கம் மூன்று மாதத் தடை விதித்தது. அத்தடை தொடங்கியதும் முடிந்ததும் வெளியுலகுக்குத் தெரியாது. தடை முடிந்த அடுத்த மாதமே இன்சியான் ஆசியப் போட்டியில் அவர் 400 மீட்டர் தங்கத்தை வென்றார். தடை விதிக்கப்பட்ட விவரம் நவம்பரில்தான் அறிவிக்கப்பட்டது.

2016-ம் ஆண்டு ரியோ ஒலிம்பிக் போட்டியின் முதல் நாளன்று, ஊக்கமருந்து உண்டு ஏமாற்றியவர் என்று சன் யாங்கை வெளிப்படையாகக் குறிப்பிட்ட ஹார்ட்டன், அன்றிரவே 400 மீட்டர் இறுதிப் போட்டியில் 3 நிமிடம் 41.55 விநாடிகளில் நீந்தி அவரை வென்றார். இடைவெளி 0.13 விநாடி. தாம் எதிர்ப்பது சீனாவை அல்ல, சோதனையில் பிடிபட்ட ஒருவரை என்று ஹார்ட்டன் விளக்கியபோதும் அவரை மன்னிப்புக் கேட்கச் சொல்லிச் சீனத் தரப்பு வலியுறுத்தியது. அவர் கேட்கவில்லை.

ஹாங்சோ நகரில் ஓர் இரவு: 2018-ம் ஆண்டு செப்டம்பர் 4-ம் தேதி நள்ளிரவை ஒட்டிய நேரம். ஹாங்சோ நகரில் சன் யாங்கின் வீட்டுக்கு ஊக்கமருந்துச் சோதனைக் குழுவினர் மூவர் வந்தனர். ஃபினாவுக்காக மாதிரி சேகரிக்கும் பணியை ஏற்றிருந்த ஐ.டி.டி.எம். என்ற தனியார் நிறுவனம் அனுப்பிய குழு அது. தலைமை அதிகாரி ஒருவர், ரத்தம் எடுக்கும் செவிலியர் ஒருவர், சிறுநீர் மாதிரி தரும்போது உடனிருக்க வேண்டிய ஆண் உதவியாளர் ஒருவர்.

ரத்தம் எடுக்கப்பட்டது, குழாய்கள் பெட்டிக்குள் வைத்துப் பூட்டப்பட்டன. அதன் பிறகே பிரச்னை வெடித்தது. உதவியாளர் தம்மைக் கைப்பேசியில் படம் எடுத்ததைக் கண்ட சன் யாங், அவரது அடையாள ஆவணங்களைக் கேட்டார். தேசிய அடையாள அட்டையைத் தவிர வேறு எதுவும் அவரிடம் இல்லை. செவிலியரிடமும் பணிபுரியும் உரிமத்தை உரிய முறையில் காட்டும் ஆவணம் இல்லை என்று சன் யாங் தரப்பு கூறியது. தாயாரும் மருத்துவரும் வந்து சேர்ந்தனர். தொலைபேசி உரையாடல்கள் விடியற்காலை வரை நீண்டன. முடிவில், பாதுகாவலர் ஒருவர் சுத்தியலால் ரத்தப் பெட்டியை உடைத்தார். ரத்தக் குழாய்கள் சன் யாங் தரப்பிடமே தங்கிவிட்டன. தாம் கையெழுத்திட்டிருந்த படிவத்தையும் அவர் கிழித்தார். சோதனைக் குழு வெறுங்கையுடன் திரும்பியது.

அந்த ரத்தம் எந்த ஆய்வுக்கூடத்தையும் சென்றடையவில்லை. அதில் தடை செய்யப்பட்ட பொருள் இருந்தது என்று எவரும் நிரூபிக்கவில்லை; இல்லை என்றும் எவரும் நிரூபிக்கவில்லை. அந்நாளுக்குச் சற்று முன்னும் பின்னும் எடுக்கப்பட்ட சோதனைகளில் அவர் தேறியிருந்தார். வழக்கு முழுவதும் காகிதங்களைப் பற்றியதாக மாறியது இதனால்தான்.

ஃபினாவின் ஊக்கமருந்து விசாரணைக் குழு 2019-ம் ஆண்டு ஜனவரி 3-ம் தேதி தீர்ப்பளித்தது. சோதனைக் குழுவினரின் ஆவணங்கள் போதுமானவை அல்ல, உதவியாளரின் நடத்தை முறையற்றது, ஆகவே அந்தச் சோதனையே செல்லாது என்று கூறிய குழு, சன் யாங் விதி எதையும் மீறவில்லை என்று முடிவு செய்தது. அதே தீர்ப்பில், சட்டம் தம் பக்கம்தான் என்று நம்பி வாழ்நாள் உழைப்பையே பணயம் வைத்தது முட்டாள்தனமான சூதாட்டம் என்று அவரைக் கடிந்துகொள்ளவும் தவறவில்லை. உலக ஊக்கமருந்து தடுப்பு அமைப்பான 'வாடா' இதை ஏற்கவில்லை. சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் உள்ள விளையாட்டு நடுவர் மன்றத்தில் மேல்முறையீடு செய்தது.

இந்தத் தீர்ப்பை ஃபினா வெளியிடவே இல்லை. பிரிட்டன் நாளிதழ் ஒன்றில் ஜனவரியில் செய்தி கசிந்தது. முழுத் தீர்ப்பையும் ஆஸ்திரேலிய நாளிதழ் ஒன்று குவாங்ஜு போட்டி தொடங்கும் தறுவாயில் வெளியிட்டது. சக வீரர்கள் சுத்தியலைப் பற்றி அறிந்தது தங்கள் சம்மேளனத்தின் மூலமாக அல்ல, செய்தித்தாள் மூலமாகத்தான். ஜனவரியில் தீர்ப்பை வெளிப்படையாக வைத்து, ஜூலைக்குள் மேல்முறையீட்டை முடித்திருந்தால், பதக்க மேடைக்குப் பின்னால் நிற்க வேண்டிய அவசியம் ஹார்ட்டனுக்கு வந்திருக்குமா என்பது ஐயமே. அவையில் பேச அனுமதி கிடைக்காதபோதுதான் உறுப்பினர்கள் மையப் பகுதிக்கு வருகின்றனர் என்பது தில்லியில் இருப்பவர்களுக்குப் புதிய செய்தி அல்ல.

திறந்த விசாரணை: நடுவர் மன்ற விசாரணைகள் பெரும்பாலும் மூடிய கதவுகளுக்குள் நடைபெறுபவை. சன் யாங் தாமே கேட்டுக்கொண்டதால், 2019-ம் ஆண்டு நவம்பர் 15-ம் தேதி மோந்த்ரோ நகரில் பொது விசாரணை நடைபெற்றது. நடுவர் மன்ற வரலாற்றில் அதற்கு முன் 1999-ம் ஆண்டில் ஒரே ஒருமுறைதான் அவ்வாறு நடந்திருந்தது. நேரலையில் உலகமே பார்த்த அந்த விசாரணையில், மொழிபெயர்ப்பு பலமுறை தடம் புரண்டது. கேட்ட கேள்விக்கும் வந்த பதிலுக்கும் தொடர்பில்லாமல் போன இடங்கள் உண்டு. வாழ்நாள் உழைப்பு முழுவதும் தராசில் வைக்கப்பட்ட ஒருவரின் வாக்குமூலம் மொழிபெயர்ப்பாளரின் தடுமாற்றத்தில் சிதைந்ததைப் பார்த்தவர்கள், அவரைப் பிடிக்காதவர்களாக இருந்தாலும், சங்கடப்பட்டே இருப்பர். சோதனைக் குழுவில் இருந்த அந்த உதவியாளரோ விசாரணைக்கு வரவில்லை. தாம் ஒரு கட்டுமானத் தொழிலாளி என்று அவர் கூறியதாகச் சீனச் செய்தி நிறுவனம் பின்னர் தெரிவித்தது.

2020-ம் ஆண்டு பிப்ரவரி 28-ம் தேதி தீர்ப்பு வந்தது. இரண்டாவது குற்றம் என்பதால் எட்டு ஆண்டுத் தடை. சோதனைக் குழு மீது வீரருக்கு ஆட்சேபம் இருக்கலாம். அப்படியானால் ஆட்சேபத்தை எழுத்தில் பதிவு செய்துவிட்டு மாதிரியைத் தர வேண்டும், பிறகு வாதாட வேண்டும். கொடுத்த மாதிரியை உடைத்துப் பறிக்கும் உரிமை அவருக்கு இல்லை என்பதே தீர்ப்பின் சாரம். சோதனைக் குழுவின் ஆவணங்கள் விதிகளின்படி போதுமானவையே என்றும் மூன்று நடுவர்களும் ஒருமனதாகக் கருதினர். ஆனால், இடைப்பட்ட காலத்தில் வென்ற பதக்கங்களை அவரிடமிருந்து பறிக்கவில்லை. குவாங்ஜு தங்கம் அவருடையதாகவே நிலைத்தது. ஹார்ட்டனின் பதக்கமும் வெள்ளியாகவே இருந்தது.

நீதிபதியின் ட்விட்டர் பதிவுகள்: இத்துடன் முடிந்திருக்க வேண்டிய வழக்கை மீண்டும் திறந்தவர், மூவர் குழுவுக்குத் தலைமை வகித்த ஃபிராங்கோ ஃபிராட்டினியே. இத்தாலியின் முன்னாள் வெளியுறவு அமைச்சர். ஐரோப்பிய ஆணையத்தில் நீதித் துறைப் பொறுப்பை வகித்தவர். சீனாவில் நாய்களைக் கொன்று உண்ணும் வழக்கத்தைக் கண்டித்து 2018, 2019-ம் ஆண்டுகளில் ட்விட்டரில் அவர் பல பதிவுகளை எழுதியிருந்தார். விலங்குகள் மீதான பரிவு குற்றமல்ல. ஆனால் சில பதிவுகளில், கொடுமை செய்தவர்களின் தோல் நிறத்தைச் சுட்டும் சொற்கள் இருந்தன. அவற்றுள் சில, வழக்கு அவர் முன் வந்த பிறகு எழுதப்பட்டவை. தீர்ப்புக்குப் பின் 2020 மே மாதத்தில்தான் இவை சன் யாங் தரப்பின் கவனத்துக்கு வந்தன.

சுவிட்சர்லாந்தின் கூட்டாட்சி உச்ச நீதிமன்றம் 2020-ம் ஆண்டு டிசம்பரில் எட்டு ஆண்டுத் தடையை ரத்து செய்தது. நடுவர் உண்மையிலேயே பாரபட்சமாக நடந்துகொண்டாரா என்பது கேள்வி அல்ல, அவரது நடுநிலையில் நியாயமான சந்தேகம் எழ இடமிருக்கிறதா என்பதே கேள்வி என்று கூறிய நீதிமன்றம், புதிய குழு மறுபடி விசாரிக்க உத்தரவிட்டது. ஊக்கமருந்துக்கு எதிரான போராளிகள் பலர் இதை ஏமாற்றத்துடன் நோக்கினர். நுணுக்கமான காரணம் காட்டிக் குற்றவாளி தப்பிவிட்டார் என்ற பேச்சும் எழுந்தது. அது சரியான பேச்சு அல்ல. வீரர் நடைமுறையை மதிக்க வேண்டும் என்று தண்டிக்கும் மன்றத்துக்கு, தன் நடுவர் நடைமுறையை மதித்தாரா என்று பார்க்கும் கடமையும் உண்டு. அதைவிட முக்கியமாக, அவர் தப்பவும் இல்லை.

புதிய குழு 2021-ம் ஆண்டு ஜூன் 22-ம் தேதி, அதே உண்மைகளின் பேரில் அவர் குற்றவாளியே என்று தீர்ப்பளித்தது. இடையில் ஊக்கமருந்துத் தடுப்பு விதித்தொகுப்பு திருத்தப்பட்டுத் தண்டனையில் நெகிழ்வு வந்திருந்ததால், தடை 4 ஆண்டு 3 மாதங்களாகக் குறைந்தது. டோக்கியோ ஒலிம்பிக் தொடங்க ஒரு மாதம் இருந்தது. அங்கே 400 மீட்டர் தங்கத்தை வென்றவர், கடைசி இடத்தில் இறுதிச் சுற்றுக்குத் தகுதி பெற்று எட்டாவது தடத்தில் நீந்திய 18 வயது துனிசிய இளைஞர் அகமது ஹஃப்னாவி. சன் யாங் தடையில் இருந்தார். தேசியத் தகுதிப் போட்டியில் மூன்றாமிடம் பெற்ற ஹார்ட்டனுக்கோ அந்தத் தூரத்தில் நீந்த இடம் கிடைக்கவில்லை. பழைய பகை இல்லாத குளமாக அது இருந்தது.

இரு தரப்பிலும் முட்கள்: குவாங்ஜுவில் ஆஸ்திரேலியர்கள் உயர்த்திப் பிடித்த ஒழுக்கக் கொடி ஒரு வாரம்கூடக் கம்பீரமாகப் பறக்கவில்லை. சொந்தக் காரணங்களுக்காக விலகியதாகக் கூறப்பட்ட ஆஸ்திரேலிய வீராங்கனை ஷைனா ஜேக், உண்மையில் ஜூன் மாதச் சோதனையில் லிகண்ட்ரால் என்ற தடை செய்யப்பட்ட பொருளுக்காகப் பிடிபட்டிருந்தார் என்ற செய்தி ஜூலை 27-ம் தேதி வெளியானது. அதுவரை அதை அவரது சங்கமும் வெளியே சொல்லவில்லை. வேண்டுமென்றே உட்கொள்ளவில்லை என்ற அவரது வாதத்தை நடுவர் மன்றம் ஏற்று, தடையை இரண்டு ஆண்டுகளாகக் குறைத்தது. அதை எதிர்த்த மேல்முறையீடும் தள்ளுபடியானது. 2024-ம் ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக்கில் தொடர் நீச்சலில் தங்கம் வென்ற அணியில் அவர் இருந்தார். தெரியாமல் உடலில் சேர்ந்தது என்ற விளக்கத்தைத் தம் நாட்டவர் சொல்லும்போது நம்புவதும், வேற்று நாட்டவர் சொல்லும்போது நகைப்பதும் எந்த நாட்டுக்கும் புதிதல்ல.

சீனா மீதான சந்தேகமும் ஓயவில்லை. 2021-ம் ஆண்டு ஜனவரியில் சீன நீச்சல் வீரர்கள் 23 பேரின் மாதிரிகளில் ட்ரைமெடசிடின், அதாவது 2014-ல் சன் யாங் பிடிபட்ட அதே மருந்து, காணப்பட்டதும், தங்கியிருந்த ஹோட்டல் சமையலறையில் மாசு கலந்ததே காரணம் என்ற சீன அமைப்பின் விளக்கத்தை 'வாடா' ஏற்றுக்கொண்டதும் 2024 ஏப்ரலில் அமெரிக்க, ஜெர்மன் ஊடகங்கள் வழியாகவே வெளிவந்தன. 'வாடா' பாரபட்சம் காட்டவில்லை என்று அது நியமித்த சுவிஸ் வழக்கறிஞர் அறிக்கை தந்தார். அமெரிக்கா அந்த ஆண்டுக்கான தன் பங்களிப்பைத் தராமல் நிறுத்திக்கொண்டது. 'வாடா'வின் நிதியில் ஒரு பாதி சர்வதேச ஒலிம்பிக் கமிட்டியிடமிருந்தும் மறுபாதி அரசுகளிடமிருந்தும் வருகிறது. அரசுகள் பணம் தரும் இடத்தில் அரசியல் இருக்கக் கூடாது என்று எதிர்பார்ப்பதற்கு மிகுந்த நம்பிக்கை வேண்டும்.

தில்லியில்: குவாங்ஜு போட்டி முடிந்து ஒரு மாதம்கூட ஆகாத நிலையில், 2019-ம் ஆண்டு ஆகஸ்டில் தில்லியில் உள்ள தேசிய ஊக்கமருந்து சோதனை ஆய்வுக்கூடத்தின் அங்கீகாரத்தை 'வாடா' நிறுத்தி வைத்தது. சர்வதேசத் தரத்துக்கு ஏற்பச் செயல்படவில்லை என்பது காரணம். இந்திய வீரர்களின் மாதிரிகள் வெளிநாட்டு ஆய்வுக்கூடங்களுக்கு அனுப்பப்பட்டன. 2021 டிசம்பரில்தான் அங்கீகாரம் திரும்பியது. அதே மாதத்தில் தேசிய ஊக்கமருந்து தடுப்பு மசோதா மக்களவையில் அறிமுகமானது. அதுவரை 'நாடா' எனப்படும் தேசிய ஊக்கமருந்து தடுப்பு முகமை, சட்டத்தின் பலம் இல்லாமல், பதிவு செய்யப்பட்ட ஒரு சங்கமாகவே இயங்கி வந்தது. 2022-ம் ஆண்டு ஜூலை 27-ம் தேதி மக்களவையும், ஆகஸ்ட் 3-ம் தேதி மாநிலங்களவையும் மசோதாவை நிறைவேற்றின.

சட்டம் வந்ததும் மறுபுறத்திலிருந்து ஆட்சேபம் எழுந்தது. மத்திய அரசு நியமிக்கும் தேசிய வாரியம் ஒன்று 'நாடா'வை மேற்பார்வையிடவும் அதற்கு அறிவுறுத்தல் தரவும் சட்டம் வகை செய்திருந்தது. ஒழுங்கு நடவடிக்கைக் குழுவையும் மேல்முறையீட்டுக் குழுவையும் அமைப்பதும் அதே வாரியமே. அரசின் கை இவ்வளவு தூரம் நீள்வது சுதந்திரமான செயல்பாட்டுக்குப் பொருந்தாது என்று 'வாடா' கூறியது. அமலாக்கம் தள்ளிப்போயிற்று. இறுதியில் 2025-ம் ஆண்டு ஜூலையில் திருத்த மசோதா கொண்டுவரப்பட்டது. பிகார் வாக்காளர் பட்டியல் தீவிரத் திருத்த விவகாரத்தில் எதிர்க்கட்சியினரின் அமளிக்கு இடையே ஆகஸ்ட் 11-ம் தேதி மக்களவையிலும், மறுநாள் மாநிலங்களவையிலும் அது நிறைவேறியது. விளையாட்டு வீரரின் உடல் மீது, அவரது வீட்டுக் கதவைத் தட்டும் அதிகாரத்தின் மீது, அவரது நான்காண்டு வாழ்க்கையின் மீது சட்டம் இயற்றும் ஓர் அலுவலுக்கு மக்களவை இதைவிட அமைதியான ஒரு பிற்பகலை ஒதுக்கியிருக்கலாம்.

'நாடா'வின் தலைமை இயக்குநரும் ஊழியர்களும் எந்த விளையாட்டுச் சம்மேளனத்தின் அல்லது அரசுத் துறையின் தலையீடும் இன்றிச் செயல்பட வேண்டும் என்கிறது திருத்தம். இது முன்னேற்றம்தான். ஆனால் மேல்முறையீட்டுக் குழுவை அமைக்கும் அதிகாரம் வாரியத்திடமிருந்து எடுக்கப்பட்டு மத்திய அரசிடமே தரப்பட்டுள்ளது. ஒரு நடுவரின் பழைய ட்விட்டர் பதிவு உலகத் தீர்ப்பையே கவிழ்த்ததைக் கண்ட பிறகு, அக்குழுவில் அமர்பவர் யார், அவரைத் தேர்ந்தெடுப்பவர் யார் என்பவை சிறு விஷயங்கள் என்று எவரும் சொல்ல மாட்டார்கள்.

இது ஏட்டளவிலான கவலை அல்ல. டோக்கியோ ஒலிம்பிக்கில் வெண்கலம் வென்ற மல்யுத்த வீரர் பஜ்ரங் புனியாவிடம், 2024-ம் ஆண்டு மார்ச் 10-ம் தேதி சோனிபட்டில் நடைபெற்ற தகுதிப் போட்டியின்போது 'நாடா' அதிகாரிகள் சிறுநீர் மாதிரி கேட்டனர். அவர் தரவில்லை. தாம் தர மறுக்கவில்லை என்றும், முன்பு காலாவதியான உபகரணங்களுடன் அதிகாரிகள் வந்தது குறித்து எழுப்பிய கேள்விக்குப் பதில் கேட்டதாகவும் அவர் கூறினார். ஏப்ரலில் தற்காலிகத் தடை. முறைப்படி குற்றச்சாட்டு அறிவிக்கை தரப்படவில்லை என்பதால் மே இறுதியில் அது நீக்கம். ஜூனில் அறிவிக்கையுடன் மீண்டும் தடை. ஒழுங்கு நடவடிக்கைக் குழு அவரது விளக்கத்தை ஏற்காமல், நவம்பர் 26-ம் தேதி நான்கு ஆண்டுத் தடை விதித்தது. மாதிரி தர மறுப்பவருக்கும், வேண்டுமென்றே ஊக்கமருந்து உண்டவருக்கும் விதித்தொகுப்பில் தண்டனை ஒன்றே.

ஜந்தர் மந்தரில் 2023-ம் ஆண்டு நடைபெற்ற மல்யுத்த வீரர்களின் போராட்டத்துக்குத் தலைமை வகித்தவர்களில் பஜ்ரங்கும் ஒருவர்; 2024 செப்டம்பரில் காங்கிரஸில் சேர்ந்தவர். ஆகவே, இது பழிவாங்கல் என்று அவரும் அவரது கட்சியினரும் கூறினர். விதிப்படி நடந்த நடவடிக்கை என்பது மறுதரப்பின் வாதம். மோந்த்ரோவில் சன் யாங்குக்குச் சொல்லப்பட்ட அளவுகோலை வைத்துப் பார்த்தால், ஆட்சேபத்தை எழுதிவிட்டு மாதிரியைத் தந்திருக்க வேண்டும் என்பதே பதிலாக இருக்கும். ஆனால், அந்தப் பதிலை ஒரு வீரர் மனம் ஒப்பி ஏற்பதற்கு, பின்னர் தம் ஆட்சேபத்தை விசாரிக்கப் போகிற குழு எவர் பக்கமும் சாயாதது என்ற உறுதி அவருக்கு வேண்டும். தாம் யாருக்கு எதிராக வீதியில் அமர்ந்தாரோ அந்தத் தரப்புக்கு நெருக்கமான அரசே குழுவை நியமிக்கிறது என்று நம்பும் வீரரிடம் அந்த உறுதியை எதிர்பார்ப்பது எளிதல்ல. அவர் நினைப்பது தவறாகவே இருக்கலாம்; சுவிஸ் நீதிமன்றம் பார்த்தது உண்மையில் பாரபட்சம் இருந்ததா என்பதை அல்ல, சந்தேகத்துக்கு இடம் இருந்ததா என்பதைத்தான்.

2,000-க்கும் மேற்பட்ட மாதிரிகளைச் சோதிக்கும் நாடுகளின் வரிசையில், 2022-ம் ஆண்டில் பிடிபட்டவர்களின் விகிதம் மிக அதிகமாக இருந்தது இந்தியாவில்தான் என்று 'வாடா'வின் அறிக்கை கூறியது. அவ்வாண்டு 3.2 சதவீதம், மறு ஆண்டு 3.8 சதவீதம். 2030-ம் ஆண்டு காமன்வெல்த் போட்டி ஆமதாபாத்துக்கு வழங்கப்பட்டிருக்கிறது. 2036 ஒலிம்பிக்கை நடத்தவும் இந்தியா விரும்புகிறது. சோதனைகள் இன்னும் கூடும். நள்ளிரவில் கதவு தட்டப்படும் வீடுகளும் கூடும். வந்து நிற்பவரின் சட்டைப் பையில் உரிய அடையாள அட்டை இருக்கிறதா, உபகரணத்தின் காலாவதி நாள் கடந்துவிட்டதா என்பவற்றை அந்தச் சில நிமிடங்களில் வீரர் தெரிந்துகொள்ள வழியிருக்க வேண்டும். அவர் எழுதித் தரும் ஆட்சேபம் எத்தனை நாளில் விசாரிக்கப்படும், தீர்ப்பு எங்கே வெளியிடப்படும் என்பவையும் திருத்தச் சட்டத்தின் கீழ் வகுக்கப்படும் விதிகளில் தெளிவாக இடம்பெற வேண்டியவை.

ஹார்ட்டன் 2024 ஜனவரியில் ஓய்வை அறிவித்தார். சன் யாங்கின் தடை அதே ஆண்டு மே மாதம் முடிந்தது. ஆகஸ்டில் ஹெஃபெய் நகரில் நடைபெற்ற சீனத் தேசியக் கோடைக்காலப் போட்டியில் 400 மீட்டர் ஃப்ரீஸ்டைலில் அவர் மீண்டும் இறங்கினார். 3 நிமிடம் 49.58 விநாடிகளில் முதலாவதாக வந்தார். 32 வயதில், குவாங்ஜுவைவிட ஏழு விநாடிகள் கூடுதல். முன்பு ஃபினா என்றும், 2022 டிசம்பர் முதல் வேர்ல்டு அக்வாட்டிக்ஸ் என்றும் அழைக்கப்படும் சம்மேளனத்தின் ஏட்டில், 2019-ம் ஆண்டு ஜூலை 21-ம் தேதிக்கான தங்கம் அவர் பெயரிலேயே இருக்கிறது. அன்றைய பரிசளிப்புப் புகைப்படத்தில் மேடையின் மீது இருவரும், பின்னால் ஒருவரும் நிற்கின்றனர்.